ஒரு பேரேடு, இரு கணக்கர்கள்: ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

கொல்கத்தாவின் வடபுறத்தில், பரக்பூர் டிரங்க் சாலையை ஒட்டிய பராநகரில் இந்தியப் புள்ளியியல் கழகம் இயங்கிவருகிறது. பேராசிரியர் பி.சி. மகலனோபிஸ் 1931ஆம் ஆண்டில் தோற்றுவித்த இந்தக் கழகத்திற்குத்தான் இந்தியாவின் முதல் மின்னணுக் கணினி வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் உருவான அந்தப் பொறியின் பெயர் ஹெச்.இ.சி.-2எம். 1955-56இல் அது இங்கு நிறுவப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் சோவியத் ஒன்றியத்திலிருந்து ‘உரால்’ என்னும் மற்றொரு கணினியும் வந்தது. 1966இல் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ‘ஐ.எஸ்.ஐ.ஜே.யூ.-1’ என்ற கணினியை இக்கழகமே உருவாக்கியது.

பிரித்தானியப் பொறியும் சோவியத் பொறியும் ஒரே வளாகத்தில் இருந்தன. ஆயினும் ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. ஒன்றுக்காக எழுதிய கட்டளைத் தொடர் மற்றொன்றில் ஓடாது. எண்கள் ஒன்றே, அவற்றை எழுதும் முறையும் படிக்கும் முறையும் வேறு.

எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பராநகரில் அன்று இரு பொறிகளுக்கிடையே இருந்த அதே வேற்றுமை, இன்று பல இல்லங்களில் ஒரே மடிக்கணினிக்குள் குடிகொண்டிருக்கிறது. ஒரு கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களையும் நிறுவி, இயக்கத் தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் முறையை ‘டூயல் பூட்’ என்கிறோம். இம்முறையில் இயங்குதளங்கள் இரண்டாக இருந்தாலும், வைப்புத்தொகை ரசீதின் நகலும் வருமான வரிப் படிவமும் ஓய்வூதிய ஆவணமும் இருப்பது ஒரே வட்டில்தான். அவற்றை இரண்டு இயங்குதளங்களிலும் சேதமின்றிக் கையாளும் வழியையே இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் இரண்டு இயங்குதளங்கள்?

தமிழக வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குத் தரப்பட்ட கணினிகளில், விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. ‘பாஸ்’ சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவானது. கணினியை இயக்கியதும் ‘இதுவா, அதுவா?’ என்று கேட்கும் திரையை எண்ணற்ற மாணவர்கள் முதன்முதலாக அப்போதுதான் கண்டார்கள்.

கொல்கத்தாவிலும் லினக்ஸுக்கு நெடுநாளைய வரலாறு உண்டு. லினக்ஸ் திரையில் வங்காள எழுத்துகள் பிழையின்றித் தெரிய வேண்டும், கட்டளைகள் வங்காள மொழியிலேயே இருக்க வேண்டும் என்ற நோக்குடன், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘அங்குர்’ என்ற தன்னார்வத் திட்டம் தோன்றியது. வங்கதேசத்தவரும் மேற்கு வங்கத்தவரும் அதில் இணைந்து உழைத்தனர். வட்டில் எதையும் நிறுவாமல், குறுந்தகட்டிலிருந்தே வங்காள லினக்ஸை இயக்கிப் பார்க்கும் வசதியையும் அவர்கள் அளித்தார்கள். அன்று குறுந்தகடு செய்த பணியை இன்று பென் டிரைவ் செய்கிறது.

அண்மையில் வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ இயலாது. புதிய கணினி வாங்கும் செலவைத் தள்ளிப்போட எண்ணுவோர், பழக்கப்பட்ட விண்டோஸை நீக்காமல் அருகிலேயே லினக்ஸையும் நிறுவிக்கொள்கின்றனர். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவது நல்லதன்று. அப்பணிக்கு, தொடர்ந்து புதுப்பிக்கப்படும் லினக்ஸைப் பயன்படுத்துவது அறிவுடைய செயலே. ஆனால் அதன் விளைவாகக் குடும்ப ஆவணங்கள் இரண்டு இடங்களில் சிதறத் தொடங்குகின்றன.

ஒரு குடும்பத்தின் கணினி

கொல்கத்தாவில் தமிழர் பலர் வாழும் ஏரிப் பகுதியில், ராஷ்பிஹாரி அவென்யூவுக்கு அருகே வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை பணி ஓய்வு பெற்றவர். வைப்புத்தொகை ரசீதுகள், நாமினி நியமனப் படிவங்கள், வரித் தாக்கல் விவரங்கள் ஆகிய அனைத்தையும் ஸ்கேன் செய்து விண்டோஸில் வைத்திருக்கிறார். பொறியியல் பயிலும் மகளுக்கு லினக்ஸ் தேவை. இருவருக்கும் கணினி ஒன்றே.

ஒரு நாள் இரவு தந்தை தம் வேலையை முடித்துவிட்டு ‘ஷட் டவுன்’ கொடுத்து எழுகிறார். பிறகு மகள் அதே கணினியை லினக்ஸில் திறக்கிறார். தந்தையின் கோப்புறையிலுள்ள ஒரு கடிதத்தைத் திருத்திச் சேமிக்க முயல்கிறார். ‘இந்தப் பிரிவில் எழுத இயலாது, படிக்க மட்டுமே முடியும்’ என்று லினக்ஸ் மறுக்கிறது. அவர் எங்கோ படித்த ஒரு கட்டளையைக் கொண்டு, மறுப்பை மீறி எழுதிவிடுகிறார். மறுநாள் தந்தை விண்டோஸைத் திறக்கும்போது, வட்டில் பிழை இருப்பதாகவும் சரிபார்ப்பதாகவும் செய்தி வருகிறது. சரிபார்ப்பு முடிந்த பின் பார்த்தால் சில கோப்புகள் திறக்க மறுக்கின்றன. ஒரு கோப்புறையைக் காணவே இல்லை.

இருவருமே தம்மளவில் பிழை ஏதும் செய்ததாக உணரமாட்டார்கள். தந்தை கணினியை முறைப்படி நிறுத்தினார். மகள் தனக்குத் தேவையான ஒரு கடிதத்தைத் திருத்தினார். பிறகு சேதம் எப்படி நேர்ந்தது?

முழுமையாக நிற்காத விண்டோஸ்

வங்கிப் பேரேட்டை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். கணக்கர் ஒருவர் பேரேட்டின் நிலையை மனத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்தை மூடாமலேயே சற்று ஓய்வுக்குச் செல்கிறார். அந்த இடைவேளையில் வேறொரு கணக்கர் வந்து அதே பக்கத்தில் நான்கு பதிவுகளை எழுதிவிடுகிறார். திரும்பி வந்த முதல் கணக்கர், பேரேடு தாம் விட்ட நிலையிலேயே இருப்பதாக நம்பி, தம் நினைவின்படியே மேலும் எழுதுகிறார். இரண்டாமவரின் பதிவுகள் மேலெழுதப்படுகின்றன. இருப்புக் கணக்கு பொய்யாகிறது.

கணினியில் நிகழ்வதும் இதுவே. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்னும் வசதி அதில் இருந்துவருகிறது. இவ்வசதி இயக்கத்தில் இருக்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. பயனரின் பணிகளை மூடிவிட்டு, தன் உட்கருவின் நிலையை வட்டில் ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. அடுத்த முறை விரைவாக விழித்தெழ இது உதவுகிறது. ஆனால் வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலும் அந்த உறக்க நினைவில் அடங்கியிருக்கிறது. இடையில் லினக்ஸ் அதே பிரிவில் எழுதியிருந்தால், விழித்தெழும் விண்டோஸ் பழைய பட்டியலையே மெய்யென நம்பும்.

ஆகவேதான், விண்டோஸ் உறங்குவதை உணர்ந்த லினக்ஸ் அப்பிரிவில் எழுத மறுக்கிறது. அந்த மறுப்பு நம் கோப்புகளைக் காக்கும் காவலன். அதை மீறக் கூடாது.

இதற்கான தீர்வு எளிது. விண்டோஸின் ‘கண்ட்ரோல் பேனல்’ பகுதியில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, பவர் பொத்தான்களின் செயலை வரையறுக்கும் இடத்திற்குச் சென்றால், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ எதிரே உள்ள குறியை நீக்கிவிடலாம். கணினி தொடங்கச் சில நொடிகள் கூடுதலாகும், அவ்வளவே. அதுவரை, விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும்போது ‘ஷட் டவுன்’ என்பதற்குப் பதில் ‘ரீஸ்டார்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக நின்றே மீண்டும் தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் முழுமையாக நிற்கும்.

இவ்விதி லினக்ஸுக்கும் பொருந்தும். லினக்ஸை உறக்கநிலையில் வைத்துவிட்டு விண்டோஸைத் திறந்து பொதுப் பிரிவில் எழுதினால், சேதம் மறுதிசையில் நேரும். ஒரு பேரேட்டில் ஒரு நேரத்தில் ஒரு கணக்கரே எழுத வேண்டும்; அடுத்தவர் எழுதுமுன் முந்தியவர் பேரேட்டை மூடியிருக்க வேண்டும்.

எந்தப் பேரேடு யாருக்குப் புரியும்?

வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கைக் ‘கோப்பு முறைமை’ என்பர். இதில் நான்கு பெயர்களை அறிந்திருந்தால் போதும்.

விண்டோஸ் தன் பிரிவுக்குப் பயன்படுத்துவது என்.டி.எஃப்.எஸ். இது 1993 முதல் இருந்துவருகிறது. இதை லினக்ஸாலும் படிக்கவும் எழுதவும் முடியும். 2007இல் நிலைபெற்ற ‘என்.டி.எஃப்.எஸ்.-3ஜி’ என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு வழிவகுத்தது. 2021இல் வெளியான லினக்ஸ் கருவின் 5.15ஆம் பதிப்பில், இதற்கெனப் புதியதொரு பகுதியே சேர்க்கப்பட்டது.

லினக்ஸ் பெரும்பாலும் பயன்படுத்துவது இ.எக்ஸ்.டி.4. இதை விண்டோஸ் இயல்பாகப் படிக்காது. இங்கே ஓர் ஆபத்து உண்டு. லினக்ஸ் முறையில் அமைந்த வெளி வட்டையோ பென் டிரைவையோ விண்டோஸில் செருகினால், ‘இதைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கக்கூடும். வட்டு பழுதாகிவிட்டது என்று எண்ணி ‘ஆம்’ என்று அழுத்தினால், உள்ளே இருப்பவை யாவும் அழியும் நிலை ஏற்படும். விண்டோஸுக்கு அந்த மொழி தெரியவில்லை என்பதே அச்செய்தியின் பொருள். அதை மூடிவிட்டு, அவ்வட்டை லினக்ஸில் திறந்து பாருங்கள்.

1996இல் வந்த ஃபேட்32 முறையை எல்லாக் கணினிகளும் படிக்கும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேற்பட்டால் அதில் இடம் கொள்ளாது. திருமண ஒளிப்படத் தொகுப்போ நீண்ட காணொளியோ பாதியில் நின்றுவிடுவது இதனால்தான்.

நான்காவது எக்ஸ்ஃபேட். இதற்கு அந்த 4 ஜிபி வரம்பு கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2019இல் இதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பின், லினக்ஸிலும் இது இயல்பாக இடம்பெற்றுவிட்டது. பென் டிரைவுக்கும் வெளி வட்டுக்கும் இது ஏற்றது. ஆயினும் இதற்கு ஒரு குறை உண்டு. என்.டி.எஃப்.எஸ்., இ.எக்ஸ்.டி.4 ஆகிய இரண்டும், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் பதிந்துவிட்டே பிறகு வட்டில் செய்கின்றன. நடுவில் மின்சாரம் நின்றாலும் அக்குறிப்பைக் கொண்டு வட்டின் ஒழுங்கை மீட்டுக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அத்தகைய நாட்குறிப்பு இல்லை.

கொல்கத்தாவில் இது சிறிய செய்தியன்று. சித்திரை, வைகாசி மாத மாலைகளில் திடீரென வீசும் ‘கால்பைசாகி’ப் புயற்காற்றையும், அதையொட்டி மின்சாரம் நின்றுபோவதையும் அந்நகரத்தார் நன்கறிவர். 2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் தாக்கியபோது நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. புயற்காற்றை அறிந்த தமிழகக் கடலோர வாசகர்களுக்கும் இது பொருந்தும். எனவே கணினிக்குள் இருக்கும் பொதுப் பிரிவுக்கு என்.டி.எஃப்.எஸ்., கையில் எடுத்துச் செல்லும் பென் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் என்று பிரித்துக்கொள்வது நலம்.

தனியறைகளும் பொதுக்கூடமும்

கூட்டுக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அறையும் அனைவருக்கும் ஒரு கூடமும் இருப்பதுபோல், வட்டை மூன்றாகப் பிரிப்பதே சிறந்த ஏற்பாடு. 512 ஜிபி எனக் குறிக்கப்பட்ட வட்டை விண்டோஸ் ஏறத்தாழ 476 ஜிபி என்று காட்டும். இரண்டும் ஒரே அளவுதான். எண்ணும் முறையில்தான் வேறுபாடு. அதில் 200 ஜிபியை விண்டோஸுக்கும், 76 ஜிபியை லினக்ஸுக்கும், எஞ்சிய 200 ஜிபியைப் பொதுப் பிரிவுக்கும் ஒதுக்கலாம்.

ஆவணங்கள், படங்கள், பாடக்குறிப்புகள் ஆகியவை பொதுப் பிரிவில் இருக்கட்டும். நிரல்களையும் இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளையும் அங்கே வைக்க வேண்டாம். லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ‘யார் படிக்கலாம், யார் எழுதலாம்’ என்ற உரிமைக் குறிப்பை வைத்திருக்கிறது. அக்குறிப்புகள் எக்ஸ்ஃபேட்டில் நிலைப்பதில்லை, என்.டி.எஃப்.எஸ்ஸிலும் தாமாக முறையாகப் பொருந்துவதில்லை. இவ்வாறு பிரித்துவிட்டால், லினக்ஸிலிருந்து விண்டோஸின் சொந்தப் பிரிவில் எழுத வேண்டிய தேவையே எழாது.

பிரிக்கும் வேலையைத் தொடங்குமுன் இரண்டு முன்னேற்பாடுகள் கட்டாயம். முதலாவது, எல்லா ஆவணங்களையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் சரிபார்த்தல். இரண்டாவது, விண்டோஸின் ‘பிட்லாக்கர்’ அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்னும் பூட்டு இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்தல். அண்மைக் காலக் கணினிகள் பலவற்றில் இப்பூட்டு நாம் அறியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். கணினி தொடங்கும் முறையை மாற்றினால், அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் கையில் இல்லையேல் உரிமையாளரே தம் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். அதை முன்னதாகவே தாளில் எழுதி, கணினியிலிருந்து விலகிய இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

விண்டோஸ் பிரிவின் அளவைக் குறைக்க, விண்டோஸிலேயே உள்ள ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ கருவியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. குறைத்துக் கிடைக்கும் வெற்றிடத்தில் லினக்ஸை நிறுவலாம்.

பெயரும் எழுத்தும் நேரமும்

பிரிவுகள் சரியாக அமைந்த பின்னும் சில சிறு முரண்கள் தலைகாட்டும். காரணம் தெரிந்தால் கலக்கம் இராது.

கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி ஆகியவற்றை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. ‘ரசீது: ஏப்ரல்’ என்று லினக்ஸில் பெயரிட்ட கோப்பைப் பின்னர் விண்டோஸில் திறக்க முடியாமல் போகலாம். எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றுடன் நிறுத்திக்கொள்வது நல்லது. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வெவ்வேறாகக் கருதும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

தமிழில் பெயரிடலாமா என்றால், தாராளமாக இடலாம். இரண்டு இயங்குதளங்களும் ஒருங்குறியை, அதாவது யூனிகோடை ஏற்கின்றன. எனினும் ஒரு நுட்பம் உண்டு. ‘கொல்கத்தா’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தான ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஆகையால் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே தோன்றுவதும், தேடினால் ஒன்று மட்டும் அகப்படுவதும் உண்டு. வங்காள எழுத்தின் ஒகரக் குறிக்கும் இதே இரட்டை இயல்பு இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில்தான் இது மிகுதியாகக் காணப்படும்.

பழைய எழுத்துரு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொள்ளும் முன்பு, ‘டாப்’, ‘டாம்’, ‘டிஸ்கி’ எனப் பல குறியாக்கங்கள் வழக்கில் இருந்தன. அவற்றில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களை, அந்த எழுத்துரு இல்லாத இயங்குதளத்தில் திறந்தால் புரியாத குறிகளே தென்படும். கோப்பு கெடவில்லை, அதற்குரிய எழுத்துருதான் அங்கில்லை. விண்டோஸில் இன்னும் திறக்க முடிகிறபோதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்பாகவும் ஒரு படி சேமித்துவைப்பது அறிவுடைமை.

இறுதியாக நேரம். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னோ பின்னோ காட்டக்கூடும். கணினி இணையத்துடன் இணைந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகுமுன் சேமித்த கோப்பில் தவறான நேரமே பதியும். அப்போது இரண்டு படிகளில் எது புதியது என்பது குழப்பமாகும். உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு லினக்ஸுக்கு ஒருமுறை கட்டளையிட்டுவிட்டால் இத்தொல்லை தீரும். நிறுவித் தருபவரிடம் இதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கடவுச்சொல் காக்காத கதவு

நம் வாடிக்கையாளர்கள் அவசியம் அறிய வேண்டியது இப்பகுதி. விண்டோஸ் தொடங்கும்போது கேட்கும் கடவுச்சொல் தம் கோப்புகளைக் காப்பதாகப் பலரும் நம்புகின்றனர். வட்டு மறையாக்கம் செய்யப்படாதிருந்தால், அது விண்டோஸின் வாயிலை மட்டுமே காக்கும். அருகிலுள்ள லினக்ஸிலிருந்து பார்த்தால் விண்டோஸின் கோப்புறைகள் கடவுச்சொல்லின்றித் திறக்கும். லினக்ஸ் நிறுவப்படாத கணினியிலும், பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினால் இது இயலும். கோப்புகளை எளிதாகப் பகிர உதவும் அதே வழி, அயலாருக்கும் திறந்திருக்கிறது.

கொல்கத்தாவின் சாந்தினி சௌக் கடைத்தெருவிலோ, சென்னையின் ரிச்சி தெருவிலோ, உங்கள் ஊரிலுள்ள கடையிலோ கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது இதை எண்ணிப் பாருங்கள். கணினி திருட்டுப் போனாலும் நிலைமை இதுவே. எனவே, ஏ.டி.எம். ரகசிய எண், இணைய வங்கிக் கடவுச்சொல், அட்டையின் பின்புற எண் ஆகியவற்றை எந்த இயங்குதளத்திலும் எந்தக் கோப்பிலும் எழுதிவைக்கக் கூடாது. கணக்கு அறிக்கைகளையும் அடையாள ஆவணங்களையும் மறையாக்கம் செய்த பெட்டகத்தில் வையுங்கள். ‘வெராகிரிப்ட்’ போன்ற இலவச மென்பொருளால் உருவாக்கும் பெட்டகத்தை விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் அதே கடவுச்சொல்லைக் கொண்டு திறக்கலாம். பொதுப் பிரிவில் அத்தகைய பெட்டகம் ஒன்றை அமைத்துவிட்டால் பகிர்தலும் நிகழும், காவலும் நிலைக்கும். ஆனால் அக்கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியில்லை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

நச்சுநிரல்களைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸுக்கென எழுதப்பட்ட நச்சுநிரல் பொதுவாக லினக்ஸில் இயங்காது. ஆனால் லினக்ஸில் பதிவிறக்கிப் பொதுப் பிரிவில் வைத்த கோப்பு வழியாக அது விண்டோஸைச் சென்றடையலாம். பகிர்ந்த கோப்பை விண்டோஸில் திறக்குமுன் சோதித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இரண்டாம் படி

மேற்கூறிய யாவற்றையும் செய்த பின்னும், பொதுப் பிரிவு என்பது காப்புநகல் ஆகாது. மூன்று பிரிவுகளும் இருப்பது ஒரே வட்டில். வட்டு பழுதானால் மூன்றும் ஒருங்கே போகும். முக்கிய ஆவணங்களுக்கு மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றில் ஒரு படி வேறிடத்தில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட முறை. கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, மேகச் சேமிப்பிலோ வேற்றூரில் வாழும் பிள்ளையின் வீட்டிலோ ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். மழைக்காலத்தில் நீர் புகும் தரைத்தளத்தில் கணினியையும் காப்புநகலையும் ஒரே அலமாரியில் வைப்பதால் பயனில்லை.

நாம் கற்பனை செய்த ஏரிப் பகுதிக் குடும்பத்திற்குத் திரும்புவோம். அந்தத் தந்தையிடம் வெளி வட்டில் ஒரு படி இருந்திருப்பின், அன்றைய இழப்பு அரை மணி நேர வேலையோடு முடிந்திருக்கும். வைப்புத்தொகையின் விவரம் வங்கியின் பதிவேட்டில் இருக்கிறது, அதற்குக் கேடில்லை. ஆனால் அவர் ஸ்கேன் செய்துவைத்த பழைய பத்திர நகல்களும், மறைந்தவர்களின் கடிதங்களும், பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று செயல்களை மட்டும் செய்யுங்கள். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியை நிறுத்துங்கள். பிட்லாக்கர் மீட்பு எண் இருந்தால் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். முக்கிய ஆவணங்களை வெளி வட்டில் ஒரு படி எடுத்து, அது திறக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் கணினியைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தினர் அனைவரையும் அழைத்து, ஒருவர் முழுமையாக மூடிய பின்பே மற்றவர் திறக்க வேண்டும் என்ற ஒரே விதியைச் சொல்லிவையுங்கள்.